தாடை வீக்கமும் ஒரு துணுக்கு எலும்பும்

கன்னம் வீங்கினால் சொத்தைப் பல் என்று நினைப்பது சகஜம். பல்லைப் பிடுங்கிய பிறகும் வீக்கம் வற்றாமல், வலியுமில்லாமல், மாதக்கணக்கில் மெள்ள மெள்ளப் பெருத்தால் டாக்டருக்கு எலும்பின் மீதே சந்தேகம் வருகிறது. எக்ஸ்ரே எடுக்கிறார், ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். வீட்டார் கேட்பதெல்லாம் ஒன்றே: "புற்றா, இல்லையா?" இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. புற்றல்லாத தாடைக் கட்டிகளிலும் பல ஜாதி உண்டு. ஜாதி மாறினால் சிகிச்சையும் மாறும்.

எலும்புத் துணுக்கைத் திராவகத்தில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்தைப் போக்கி, மெழுகில் பதித்து, தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஏடுகளாகச் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள். முடிவு வரச் சில நாட்கள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்பத்திரியைக் கோபிப்பதில் பயனில்லை.

பைப்ரஸ் டிஸ்பிளேஸியா, ஆஸிபையிங் பைப்ரோமா என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நல்ல எலும்பு இருந்த இடத்தில் நார்த் திசுவும், நடுநடுவே எலும்புச் சிம்புகளும் காணப்படும். முன்னதில் அந்தச் சிம்புகள் சீன எழுத்துக்களைக் கிறுக்கினாற்போல் வளைந்து கிடக்கும். ஓரத்தில் நல்ல எலும்போடு எல்லை தெரியாமல் கலந்துவிடும். பின்னதில் எலும்பைக் கட்டும் ஜீவ அணுக்கள், தூணைச் சுற்றிக் கொத்தனார்கள் நிற்பதுபோல், சிம்புகளின் விளிம்பில் வரிசையாக நிற்பதுண்டு. கட்டிக்கும் எலும்புக்கும் நடுவே எல்லை திட்டமாகத் தெரியும்.

இந்த வித்தியாசத்தை ஏட்டுச் சர்ச்சை என்று தள்ளிவிட முடியாது. எல்லையுள்ள கட்டி விட்டுவைத்தால் வளரும். அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும். எல்லையற்றதோ பெரும்பாலும் பருவ வயதைத் தாண்டியதும் வேகம் தணியும். முகம் கோணினால் அளவாகச் செதுக்கிச் சீர் செய்தாலே பெரும்பாலும் போதும். பெயர் மாறிப்போனால் வளரும் பிள்ளை தாடையில் ஒரு பகுதியை வீணே இழக்க நேரிடும். புற்றென்று மயங்கிக் கதிர்வீச்சுக் கொடுத்தாலோ, பிற்காலத்தில் அதுவே புற்றாக மாற இடமுண்டு.

கட்டியின் நடுவிலிருந்து மட்டும் ஒரு துணுக்கைக் கிள்ளி அனுப்பினால், ஓரத்தைப் பார்க்கவேண்டியவர் எதைப் பார்ப்பார்?

ஓரம் கிடைத்தாலும் மைக்ராஸ்கோப் கைவிடும் இடமும் உண்டு. பல கருக்களைக் கொண்ட ராட்சத அணுக்கள் நிறைந்த ஒரு வகைத் தாடைக் கட்டியை 1953இல் அமெரிக்க டாக்டர் ஜாப் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். கழுத்தில் தைராய்டின் பின்புறம் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிதமிஞ்சிச் சுரந்தாலும், அச்சாக அதே தோற்றமுள்ள கட்டி எலும்பில் உண்டாகிறது. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்தால் தேர்ந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்தால் வழி தெரியும். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளிடத்தில் இந்தச் சந்தேகம் அவசியம் எழவேண்டும். சுரப்பியைக் கவனிக்காமல் தாடையை மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தால் மூலம் அப்படியே இருக்கும்.

சுரப்பிக்கும் எலும்புக்கும் உள்ள இந்த உறவு எளிதில் பிடிபட்டதல்ல. வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் என்ற சர்ஜன், எலும்பு நைந்துபோன ஒரு டிராம் கண்டக்டருக்குச் சுரப்பி போதவில்லை என்று எண்ணி முதலில் வேறொருவரின் சுரப்பியை ஒட்டவைத்தார். குணமில்லை. பிறகு 1925இல் கழுத்தைத் திறந்து, பெருத்திருந்த சுரப்பியை அகற்றியதும் நோயாளி தேறத் தொடங்கினார். தலைகீழாகச் செய்து கற்ற பாடம் அது.

எனவே, "தாடைக் கட்டி" என்று இரண்டு சொல் எழுதித் துணுக்கை மட்டும் அனுப்பும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழியவேண்டும். வயது, வீக்கம் தொடங்கிய காலம், எக்ஸ்ரே, ராட்சத அணுக்கள் தென்பட்டால் ரத்தச் சோதனை முடிவு, இவ்வளவும் நிபுணரின் மேஜைக்குப் போகவேண்டும். நோயாளியின் வீட்டாரும் பழைய எக்ஸ்ரேக்களைப் பரணில் போடாமல் கையோடு கொண்டுபோவது நல்லது. சோதனை அறிக்கையையும் பத்திரப்படுத்த வேண்டும். வீக்கம் மறுபடி தலைகாட்டினால், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அந்த மெழுகுக் கட்டியிலிருந்தே புதிதாக ஏடு சீவி இன்னொரு நிபுணரிடம் காட்டலாம்.