மகிழுந்துக்குள் வாங்கும் அமைதி

மும்பையில் குர்லாவிலிருந்து கலினா நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலையில் மகிழுந்துகளுக்கான உதிரிப் பொருள்களையும் அழகுப் பொருள்களையும் விற்கும் கடைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. இருக்கை உறை, வண்ண விளக்கு, பாட்டுக் கருவி ஆகியவற்றோடு இத்தகைய கடைகளில் அமைதியும் விற்பனைக்கு உண்டு. ஒரு புறம் பசையும் மறு புறம் அலுமினியத் தாளும் கொண்ட கறுப்பு ரப்பர்ப் படலம் அது. கடைக்காரர்கள் அதனை ‘டாம்பிங் ஷீட்’ என்பர். கதவு, தரை, கூரை ஆகியவற்றின் உட்புறத் தகட்டில் இதனை ஒட்டிவிட்டால் வெளி இரைச்சல் உள்ளே வாராது என்பது விற்பவர் வாக்கு. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ புதிதாக மகிழுந்து வாங்கும் குடும்பம் இதற்காகப் பல ஆயிரம் ரூபாய் செலவிடலாமா என்று எண்ணிப் பார்ப்பது இயல்பே.

படலம் வேலை செய்யும் முறையை வீட்டிலேயே காணலாம். ஓர் எவர்சில்வர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் தட்டினால் ‘கிண்’ என்ற ஓசை நீண்டு ஒலிக்கும். தட்டின் நடுவில் விரலை வைத்தவுடன் ஓசை அடங்கிவிடும். மகிழுந்தின் மெல்லிய இரும்புத் தகடும் அத்தகையதே. சக்கரமும் இயந்திரமும் அதனை ஓயாது தட்டுகின்றன. ஒட்டிய படலம் அந்த விரலைப் போல அதிர்வை வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகடு முழுவதையும் மூட வேண்டிய தேவையும் இல்லை. கால் பங்கு இடத்தில் ஒட்டினாலே அதிர்வு பெரிதும் குறைந்துவிடும். விற்பவர்கள் இதனைத் தாமாக முன்வந்து சொல்வது அரிது.

ஆனால் விரலால் அடங்குவது தட்டின் ஓசை மட்டுமே. அடுத்த வீட்டில் ஒலிக்கும் தட்டை அது என்ன செய்யும்? பக்கத்து ஊர்தியின் ஒலிப்பான் எழுப்பும் ஒலி காற்றின் வழியே வந்து கண்ணாடியிலும் கதவின் இடுக்குகளிலும் நுழைகிறது. தகட்டில் ஒட்டிய படலத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. மும்பை நகருக்குள் ஊர்ந்து செல்லும் மகிழுந்தில் சக்கர ஒலி சிறிது. பிறர் எழுப்பும் ஒலியே பெரிது. ஆகவே நகருக்குள் மட்டும் ஓடும் ஊர்திக்கு இது பயன் தாராத செலவு. சன்னலைத் திறந்துவைத்து ஓட்டும் வாடகை ஊர்திக்கோ சொல்லவே வேண்டியதில்லை. குர்லாவில் உருவாகிப் பல்லாண்டுகள் ஓடி, 2023 அக்டோபரில் வாடகைப் பணியிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினியில் அமர்ந்தவர்கள் ஊரின் எல்லா ஓசைகளையும் கேட்டுக்கொண்டேதான் சென்றார்கள்.

நெடுந்தொலைவுப் பயணம் வேறு. கோடை விடுமுறையில் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு மகிழுந்திலேயே செல்லும் குடும்பங்கள் உண்டு. 1,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி அது. மும்பை–புணே விரைவுச்சாலையின் சிமெண்டுத் தளத்தில் விரைந்து செல்லும்போது சக்கரங்களின் உறுமல் மணிக்கணக்கில் தொடரும். ஓட்டுபவரின் களைப்பில் அந்த உறுமலுக்கும் பங்குண்டு. அவர் களைத்தால் உடன் வரும் அனைவருக்கும் ஆபத்து. அத்தகையோர் முன்கதவுகளிலும் தரையிலும் மட்டும் தரமான படலத்தை ஒட்டிக்கொள்வது பொருந்தும். மலிவான தார்ப் படலம் வெயிலில் இளகி நாற்றமடிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கென உள்ள துளைகளைப் படலம் மூடிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துருப் பிடிக்கத் தொடங்கும். மும்பை மழையைப் பற்றி விளக்க வேண்டுமா? ஊர்தி முழுவதும் ஒட்டினால் கூடும் எடை 30 கிலோவைத் தாண்டவும் கூடும். அஃதாவது, ஒரு பள்ளிச் சிறுவனை எந்நாளும் ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும். இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் சக்கரக் காற்றழுத்தத்தையும், கதவோரத்து ரப்பர்ப் பட்டையையும், கடகடக்கும் தளர்ந்த திருகுகளையும் சரிபார்ப்பது நன்று. செலவு சிறிது.

ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கும் மயக்கம் தரக்கூடியது. 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது. காதுக்கோ அந்த வேறுபாடு அரிதாகவே தெரியும். ஒலி பாதியாகிவிட்டது என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ‘ஆற்றலில் பாதி குறையும்’ என்னும் விளம்பரம் பொய்யன்று. ஆயினும் வாங்கியவர் ஏமாறுவார்.

கடல் இரைகிறது என்பது தமிழ் வழக்கு; இரைச்சல் என்னும் சொல்லும் அவ்வினையிலிருந்து வந்ததே. மும்பையைக் கடல் சூழ்ந்திருந்தும் சயான் சந்திப்பில் நிற்பவர் காதில் விழுவது கடலின் இரைச்சலன்று. அங்குள்ள மாநகராட்சி மருத்துவமனையில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டின. மருத்துவமனை, பள்ளி முதலியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும், அங்கு 50, 40 என்னும் அளவில் ஒலியை நிறுத்தவும் அவை வழி செய்தன. தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்துப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளப் படலம் ஏதும் இல்லை. மகிழுந்துக்குள் இருக்கும் நால்வர் தமக்கென அமைதியை வாங்கலாம். அவர்களுடைய ஒலிப்பானின் ஒலி முழுவதும் தெருவுக்கே போய்ச் சேர்கிறது. படலத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

இதனை மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை ஒருமுறை வேடிக்கையாகவே உணர்த்தியது. சில சந்திப்புகளின் விளக்குகளோடு ஒலியளவுக் கருவியை இணைத்து, ஒலிப்பான்களின் ஓசை 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாறு செய்தார்கள். அதன் காணொளி 2020 சனவரி இறுதியில் வெளியாகி நாடெங்கும் பரவியது. பொறுமையிழந்து ஒலிப்பானை அழுத்தியவர்கள் எண்கள் மறுபடி ஏறுவதைக் கண்டு திகைத்தார்கள். ஒலிப்பானைத் தொடாதவர்களும் அவர்களோடு காத்திருக்க நேர்ந்தது. அந்த வரிசையில் படலம் ஒட்டிய மகிழுந்து நின்றிருந்தால் அதற்கும் அதே சிவப்பு விளக்குதான்.