காரணம் எழுதாமல் கண்டம் செய்யாதீர்

சென்ற மாதம் ஒரு கடையில் என் பழைய ஸ்டீரியோ ரிசீவரைக் கண்டம் செய்துவிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் மைத்துனர் 1981-இல் விடுமுறையில் வந்தபோது புதுச்சேரிக்குக் கொண்டுவந்த பெட்டி அது. 15 கிலோ இருக்கும். முகப்பு முழுக்கக் குமிழ்களும் பொத்தான்களும். சில மாதங்களாக வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று இரைச்சல். இடது ஸ்பீக்கர் திடீரென ஊமையாகும், தட்டினால் பேசும். ஆட்டோ வைத்து எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போயிடுச்சு சார். ஸ்பேர் கிடைக்காது. வேணும்னா 500 ரூபா தர்றேன், வெச்சிட்டுப் போங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் நான் ஸ்டோர் கணக்குப் பார்த்தவன். கால் உடைந்த நாற்காலியைக்கூட நாங்கள் நினைத்தபடி கழித்துவிட முடியாது. பயனற்றது என்று ஏன் முடிவு செய்கிறோம் என்பதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். யாருடைய அலட்சியத்தால் கெட்டது என்ற கேள்வியும் வரும். 'சிவப்பு நாடா' என்று எங்களைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். காரணம் எழுதாமல் எதையும் கண்டம் செய்யக்கூடாது என்பது நல்ல விதி. மேசைக்குக் கிடைத்த அந்த நியாயம் என் ரிசீவருக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் மெக்கானிக் அல்ல, கோப்பு பார்த்தவன். கோப்பைப் பார்ப்பதுபோலவே இதையும் பார்த்தேன்.

முதலில், மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பின்புறம் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினேன். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானது. ஆக, ஸ்பீக்கரில் குற்றமில்லை, பழுது பெட்டிக்குள். அடுத்து, ரேடியோவிலும் கேசட்டிலும் அதே கோளாறு. ஆக, ரேடியோ பகுதியில் குற்றமில்லை. மூன்றாவது, வால்யூம் குமிழை இலேசாக அசைத்தால் ஒலி வருகிறது. டேப் மானிட்டர் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விட்டாலும் வருகிறது. போர்டு செத்திருந்தால் குமிழை ஆட்டியதும் உயிர் வருமா?

வால்யூம் குமிழுக்குள் இருப்பது ஒரு கரித்தடமும் அதன்மேல் வழுக்கி ஓடும் ஓர் உலோக நாக்கும்தான். நாற்பது வருடத் தூசியும் களிம்பும் இடையில் படிந்தால் அது கரகரக்கும். பொத்தான்களுக்குள்ளும் இதே கதை. அதிலும் நம்மூர் கடல் காற்று உலோகத்தைச் சும்மா விடாது.

பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு முழுக்க விட்டேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம், தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கினேன், சில நூறு ரூபாய். துரு இளக்கும் ஸ்ப்ரேயோ தேங்காய் எண்ணெயோ ஆகாது. குமிழின் பின்பக்கத் துளையில் சிறிது அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பது முறை திருப்பினேன். பாலன்ஸ், டேப் மானிட்டர், மோனோ பொத்தான் எல்லாவற்றுக்கும் அப்படியே. நன்றாக உலரவிட்டுப் போட்டேன். இரண்டு பக்கமும் பாடியது. பாஸ் குமிழில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு மிச்சம். சுத்தம் செய்தும் போகாவிட்டால் கெப்பாசிட்டர் ஒன்று கசியலாம். அது தொழில் தெரிந்தவர் மாற்ற வேண்டிய சிறு பாகம், பெட்டியைத் தூக்கி எறியும் காரணம் அல்ல.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகை கொடுக்கிறார், ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தால் நாம் 200 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அதே நாம் 8,000 ரூபாய்க்குப் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கும்போது வாய் திறப்பதில்லை. இது நம் குற்றம். ஆனால் "எனக்கு நேரமில்லை" என்பது ஒன்று, "பெட்டி செத்துவிட்டது" என்பது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவது, பார்க்காமல் எழுதிய அறிக்கை.

அதன் விலை என்ன தெரியுமா? எங்கள் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா இருக்கிறார். காலமான கணவர் தினமும் கேட்ட ரிசீவரை, இப்படி ஒருவர் சொன்னதை நம்பி எடைக்குப் போட்டுவிட்டார். "விளக்கு எரிஞ்சுது, முள்ளு ஆடிச்சு, சத்தம் மட்டும் வரலை. வேலைக்காரப் பெண் துடைச்ச மறுநாள்லேருந்து" என்றார். டேப் மானிட்டர் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தால் ரேடியோ அப்படித்தான் ஊமையாகும். ஒரு விரலால் சரியாகியிருக்கக் கூடும். இப்போது சோதித்துப் பார்க்கப் பெட்டி இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் பழுதுக்கு 'பான்' என்று பெயர். பழுது பார்ப்பதற்கு 'தெப்பனாஜ்', அதாவது பழுதை நீக்குவது. பொருளை நீக்குவது அல்ல. அந்த நாட்டில் டி.வி., லேப்டாப், செல்போன் போன்றவற்றை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று 2021-இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது.

நமக்குச் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, உங்கள் வீட்டுப் பெட்டியைச் செத்தது என்று யாராவது சொன்னால், "எந்தப் பாகம்? எப்படித் தெரிந்தது?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பார்த்துச் சொல்பவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். பதில் சொல்லாதவரிடமிருந்து பெட்டியைத் திருப்பி எடுத்து வாருங்கள்.