பாம்பு மீட்பு அரசின் பொறுப்பே

வயல்களும் ஏரிக்கரைகளும் வீட்டுமனைகளாகின்றன. அள்ளப்படாத குப்பையில் எலிகள் பெருகுகின்றன. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. புறநகர் வீட்டில் பாம்பு நுழைவதை அக்குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குச் சுமார் 12 லட்சம் பேர் பலியானதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். 2030க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைப்பதாக ஒன்றிய அரசு 2024இல் செயல்திட்டம் அறிவித்தது. அறிவிப்பு மட்டும் உயிரைக் காக்காது.

கேரளத்தில் 2020 முதல் வனத்துறையே பாம்பு மீட்போருக்குப் பயிற்சியளித்துச் சான்றிதழ் வழங்குகிறது. ‘சர்ப்ப’ செயலி வழியாக மக்கள் அவர்களை அழைக்கலாம். பாம்பை யாரும் அடிக்க வேண்டியதில்லை; அடிக்கப்போய்க் கடிபடுவதும் தவிர்க்கப்படுகிறது.

பிற மாநிலங்களிலும் இது நடைமுறைக்கு வர வேண்டும். ஆனால், தன்னார்வலரின் துணிச்சலை மட்டும் நம்பி அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பயிற்சி பெற்ற மீட்புப் பணியாளர், அவருக்கு முறையான ஊதியம், கருவிகள், காப்பீடு ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து எந்நேரமும் இருக்க வேண்டும். குப்பை அகற்றம், தெருவிளக்கு ஆகியவற்றோடு இக்கோரிக்கைகளையும் கிளைகள் கையிலெடுத்து மக்களைத் திரட்டுவது அவசியம்.