ஒரு எம்.பி. கேட்கும் கேள்விக்கு எவ்வளவு பலம்? கேள்வி நேரம் ஏன் நம் எல்லோருக்கும் முக்கியம்?

நாடாளுமன்றம் என்றதும் நம் செல்போனுக்கு வந்து சேர்வதெல்லாம் 30 விநாடி வீடியோக்கள்தான். ஒருவர் கத்துவார், இன்னொருவர் மேசையைத் தட்டுவார், சபாநாயகர் “உட்காருங்கள்” என்பார். ஆனால் அரசாங்கத்தை உண்மையிலேயே வியர்க்க வைப்பது இந்தச் சத்தம் கிடையாது. அச்சிட்ட தாளில் இருக்கும் ஒரு சின்னக் கேள்வியும், அதற்குப் பின்னால் எழுந்து நின்று கேட்கப்படும் இன்னொரு கேள்வியும்தான்.

எல்லையில் என்ன நடந்தது, வேலையிழந்தவர்கள் எத்தனை பேர், மக்களின் சேமிப்புப் பணம் எங்கே போனது? வெளியுறவோ உள்நாடோ, எதுவாக இருந்தாலும் அமைச்சரை நேருக்கு நேர் கேட்கும் அதிகாரம் ஒரு எம்.பி.க்கு இருக்கிறது. அந்த அதிகாரம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தேய்கிறது என்று பார்ப்போம்.

கேள்வி நேரம் என்றால் என்ன?

மக்களவையில் காலை 11 மணிக்கு அவை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014-க்குப் பிறகு இது பகல் 12 மணிக்கு மாறிவிட்டது. கேள்விகளில் முக்கியமாக இரண்டு வகை.

முதல் வகை, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15.

இரண்டாவது வகை, நட்சத்திரக் குறியிடாத கேள்வி. இதற்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டும்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை, மாநிலங்களவையில் 160 வரை.

நினைத்தவுடன் எழுந்து கேட்டுவிட முடியாது. குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சகங்களைப் பிரித்து, எந்தக் கிழமை எந்த அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றும் முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவார்கள்.

பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தால் அதிகாரிகள் உட்கார்ந்து பாலிஷ் போட்டு ஒரு பதிலை எழுதிக் கொடுத்துவிட மாட்டார்களா? கொடுப்பார்கள். அதனால்தான் துணைக் கேள்வி என்று ஒன்று இருக்கிறது.

அசல் ஆயுதம் துணைக் கேள்வி

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்னதும், கேட்ட உறுப்பினர் மேலும் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அவைத் தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். இந்தத் துணைக் கேள்வி என்னவாக இருக்கும் என்பது அமைச்சருக்கு முன்கூட்டியே தெரியாது. துறையை உண்மையிலேயே அறிந்தவர் சமாளிப்பார். தாளைப் பார்த்துப் படிப்பவர் மாட்டிக்கொள்வார்.

இதன் பலத்தைக் காட்ட 1957-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. எல்.ஐ.சி. தேசியமயமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் 1.25 கோடி ரூபாயை முதலீடு செய்திருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. அந்த நிறுவனங்களின் நிலைமையோ சரியில்லை.

செப்டம்பரில் இதுபற்றி மக்களவையில் கேள்வி வந்தது. கிடைத்தது மழுப்பலான பதில். ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளும் காங்கிரஸ்காரர். அதற்கும் மேல், பிரதமர் நேருவின் மருமகன். இருந்தும் தகவல்களைத் திரட்டிக்கொண்டு டிசம்பரில் அவையில் விஷயத்தை முழுதாக எழுப்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

அமைச்சர்கள் நாடாளுமன்றத்திடம் தகவல்களை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் சாக்ளா வலியுறுத்திய பாடங்களில் ஒன்று. அது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

‘தகவல் இல்லை’ என்றால்?

2020 செப்டம்பர் 14. கொரோனா காலத்து மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள். ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கப்பட்டது. அப்படி எந்தத் தரவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் நல அமைச்சகம் பதில் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பியதற்குக் கணக்கு இருந்தது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

சாதாரண நாளாக இருந்திருந்தால், இப்படியொரு பதிலுக்குப் பின்னால் துணைக் கேள்விகள் வரிசைகட்டியிருக்கும். ரயில்வேயிடம் கேட்டீர்களா? மாநிலங்களிடம் கேட்டீர்களா? கணக்கு இல்லாமல் நிவாரணத்தை எப்படி முடிவு செய்தீர்கள்? ஆனால் கேட்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்தது. எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் போதும் என்று அரசு சொல்லிவிட்டது.

கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது அது முதல்முறை இல்லை. 1962 சீனப் போரின்போதும், நெருக்கடி நிலைக் காலத்திலும் நடந்திருக்கிறது. பெருந்தொற்று ஒரு நியாயமான காரணம்தானே என்று கேட்கலாம். எம்.பி.க்கள் அவைக்கு வந்தார்கள், மசோதாக்கள் நிறைவேறின, வேளாண் சட்டங்களும் அதே கூட்டத்தொடரில்தான் நிறைவேறின. சட்டம் போட நேரம் இருந்தது, கேள்விக்கு மட்டும் இல்லை என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

2021 ஜூலையிலும் இதே கதைதான். ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் ஏற்பட்ட மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. மாநிலங்கள் தனியாக அப்படி எதையும் தெரிவிக்கவில்லை என்பதே பதில். பதில் தொழில்நுட்பரீதியாகச் சரியாக இருக்கலாம். அதைப் படித்த குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வெளியுறவு என்றால் கதவு மூடுகிறதா?

உள்நாட்டு விஷயத்தில் ‘தகவல் இல்லை’ என்பது ஒரு தப்பிக்கும் வழி. வெளியுறவில் அந்த வழிக்குப் பெயர் ‘தேச நலன்’.

விதிகளிலேயே கட்டுப்பாடுகள் உண்டு. ரகசியமான விஷயங்களைக் கேட்கக்கூடாது. நட்பு நாடுகளைப் பற்றி மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக்கூடாது. இதில் தப்பே இல்லை. படைகள் எங்கே நிற்கின்றன என்பதை டி.வி. நேரலையில் சொல்ல முடியாது. ஆனால் கோடு எங்கே போடப்படுகிறது என்பதுதான் பிரச்சினை.

2020 ஜூன் 15 அன்று கல்வானில் 20 இந்திய வீரர்கள் வீரமரணம் அடைந்தார்கள். செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தார். எதிர்க்கட்சிகளால் கேள்வி கேட்க முடியவில்லை. மக்களவை விதிப்படி, அமைச்சர் தானாக அறிக்கை வாசிக்கும்போது அந்த நேரத்தில் கேள்வி எழுப்ப முடியாது. மாநிலங்களவையில் மட்டும் விளக்கம் கேட்கும் மரபு உண்டு.

அடுத்த ஆண்டு இறுதியில், அப்போது பாஜக எம்.பி.யாக இருந்த சுப்பிரமணியன் சுவாமி, லடாக்கில் சீனர்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டினார்களா என்று கேட்க நோட்டீஸ் கொடுத்தார். தேச நலன் கருதி அனுமதிக்க முடியாது என்று மாநிலங்களவைச் செயலகம் சொல்லிவிட்டதாக அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். ஆளுங்கட்சி உறுப்பினருக்கே இந்த நிலை.

இதையே 1959-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அக்சாய் சின்னில் சீனா சாலை போட்ட விஷயத்தை, அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நேரு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சில நாள்களில் சீனாவுடனான கடிதப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையாக வந்தது. 1962-ல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 37 வயது வாஜ்பாய் உள்ளிட்டோரின் கோரிக்கையை ஏற்று, குளிர்காலக் கூட்டத்தொடர் முன்கூட்டியே நவம்பர் 8-ல் கூட்டப்பட்டது. கேள்வி நேரம் இல்லை என்றாலும், போர் பற்றிய விவாதம் நாள்கணக்கில் நடந்தது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. அரசாங்கத்தை அவையில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நாடு ஒன்றும் உடைந்துபோகவில்லை.

வெளியுறவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் ராமேஸ்வரத்தில் போய்க் கேட்கலாம். இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடிக்கிறது, படகுகள் பறிபோகின்றன. இது வெளியுறவா, உள்நாடா? இரண்டும்தான். தமிழக எம்.பி.க்கள் தொடர்ந்து கேட்பதால்தான் எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்காவது அதிகாரப்பூர்வமாகக் கிடைக்கிறது. தீர்வு கிடைத்ததா என்றால், அது வேறு கதை.

தப்பான பதில் சொன்னால் என்ன ஆகும்?

2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் திரிணமூல் எம்.பி. நதிமுல் ஹக், தேர்தல் பத்திரங்கள் பற்றி தேர்தல் ஆணையம் ஏதாவது ஆட்சேபம் தெரிவித்ததா என்று மாநிலங்களவையில் கேட்டார். அப்படி எதுவும் வரவில்லை என்று அப்போதைய நிதித்துறை இணையமைச்சர் பொன். ராதாகிருஷ்ணன் பெயரில் பதில் வந்தது. ஆனால் 2017 மே மாதமே ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுத்துப்பூர்வமாக எதிர்ப்பு தெரிவித்திருந்தது பிறகு ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் அதற்கு உதவியது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தையே ரத்து செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மேடையில் சொன்னதை மறுக்கலாம், பேட்டியைத் திரித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அவையில் கொடுத்த பதில் அப்படியே பதிவாகி நிற்கும். தப்பு என்று தெரிந்தால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். “பரிசீலிக்கிறோம்”, “விவரம் சேகரித்துச் சொல்கிறோம்” என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அதைப் பின்தொடரவும் ஒரு குழு இருக்கிறது. அரசின் உறுதிமொழிகளுக்கான குழு 1953 முதல் மக்களவையில் இயங்குகிறது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கின்றன என்பது நிஜம்.

குறை எம்.பி.க்கள் பக்கமும் உண்டு

எல்லாப் பழியையும் அமைச்சர்கள் மேல் போட்டுவிட முடியாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தன் பெயரை அழைக்கும்போது அவையில் இல்லாத உறுப்பினர்களும் உண்டு. கூச்சல் போட்டு அவையை ஒத்திவைக்க வைத்தால், முதலில் பலியாவது கேள்வி நேரம்தான். அன்றைக்கு அமைச்சருக்கு லீவு கிடைத்த மாதிரி. நல்லபடியாக நடக்கும் நாளிலேயே 20 நட்சத்திரக் கேள்விகளில் ஐந்தாறைத் தாண்டுவது சிரமம். மீதி எல்லாம் எழுத்துப் பதிலாக மாறிவிடும்.

என்ன மாற வேண்டும்?

பிரிட்டனில் நாடாளுமன்றம் கூடியிருக்கும் காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் பிரதமர் அரை மணி நேரம் கேள்விகளைச் சந்திக்கிறார். என்ன கேட்கப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் அவருக்கு முன்கூட்டியே தெரியாது. இந்தியாவில் பிரதமருக்கு என்று அப்படித் தனி நேரம் கிடையாது. அதைக் கொண்டுவரலாம். கேள்வியை நிராகரித்தால் எந்த விதியின் கீழ், ஏன் என்பதை வெளியிடலாம். ‘தகவல் இல்லை’ என்று சொன்னால், அந்தத் தகவலை யார், எப்போது திரட்டுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி செய்யலாம். மிகவும் ரகசியமான வெளியுறவு விஷயங்களை, குறைந்தபட்சம் நாடாளுமன்ற நிலைக்குழுவிலாவது மூடிய அறையில் விளக்கலாம். இதில் எதற்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன. உங்கள் தொகுதி எம்.பி. பெயரைப் போட்டுத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எத்தனை கேள்வி என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, மறுபடியும் அதைத் தொடர்ந்தாரா என்று பாருங்கள். பெரோஸ் காந்தி சாதித்தது முதல் கேள்வியால் இல்லை. மழுப்பலான பதிலை ஏற்றுக்கொண்டு உட்காராததால்தான். அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டு வருபவரிடம், “ஐந்து வருஷத்தில் நீங்கள் கேட்ட ஒரு நல்ல கேள்வியைச் சொல்லுங்கள்” என்று நாமும் கேட்கலாம். துணைக் கேள்வி கேட்கும் உரிமை வாக்காளருக்கும் உண்டு.