பெட்டிக்குள் பூட்டிய வியர்வை

படம் எடுத்தாயிற்று, பார்க்க மட்டும் விடமாட்டார்களாம்!

2022 ஏப்ரலில் அமெரிக்காவிலே வார்னர்மீடியா, டிஸ்கவரி என்னும் இரு பெருங் கம்பெனிகள் ஒன்றாயின. ஆகஸ்டிலே, சுமார் 9 கோடி டாலர் விழுங்கிய 'பேட்கேர்ள்' படம் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. நட்டக் கணக்கில் எழுதினால் வரி குறையுமாம்! விளக்குப் பிடித்தவர், ஒப்பனை செய்தவர், படத்தை வெட்டி ஒட்டியவர் - இவர்தம் வியர்வையும் நட்டக் கணக்கிலா? "கூலி கொடுத்தோமே" என்பார்கள். படத்துக்குப் படம் வேலை தேடும் தொழிலாளிக்கு, செய்த வேலை திரையில் தெரிந்தால்தானே அடுத்த அழைப்பு வரும்!

முன்பு மூக்கணாங்கயிறு ஒன்று இருந்தது. படமெடுக்கும் முதலாளியே கொட்டகையையும் கட்டியாள்வது தகாதென 1948-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்வழி வந்த கட்டுப்பாட்டை 2020-ல் அறுத்துவிட்டார்கள். 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் நடத்தி ஊதிய உயர்வு பெற்றனர், வீரர்கள்தாம்! ஆனால் கம்பெனிகள் கைகோப்பதைத் தடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை; அது அரசிடம் இருக்கிறது. முடித்த படத்தை முடக்கும் முதலாளிக்கு வரிச்சலுகை எதற்கு? அதை நிறுத்து என்கிறோம் நாம்.