21 நாள்களுக்குள் தேடவேண்டிய கிருமி

ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிய வரும்போது, அதை விதியென்றோ, சொந்தத்தில் மணம் முடித்ததன் விளைவென்றோ கொண்டு, அதற்குமேல் காரணம் தேடாது அடங்கிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உறவுமுறைத் திருமணம் முக்கியமான காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பரம்பரைக் காரணங்களை விலக்கிப் பார்த்தால், கருவிலேயே சிசுவைப் பற்றும் சைட்டோமெகலோ வைரஸ் என்னும் கிருமியே உலகெங்கும் பிள்ளைகளின் செவிப்புலனைக் கெடுப்பதில் பிரதான ஸ்தானம் வகிக்கிறது என்பதைத் தாய்மாருள் மிகச் சிலரே அறிவர்.

சின்னம்மைக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இது, ஆரோக்கியமுள்ள பெரியவர்களிடம் சிறு காய்ச்சலாகவோ, அதுவுமின்றியோ கழிந்து, பின்னர் ஆயுள் முழுதும் உடலில் உறங்கிக் கிடக்கும். நம் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இளமையிலேயே இதற்கு ஆளானவர்களாதலால் இங்கே அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்று வாதிப்பது பிழை. உறங்கிய கிருமி கர்ப்பகாலத்தில் மீண்டும் எழுவதாலும், அதன் வேறொரு வகை புதிதாகத் தொற்றுவதாலும், முன்பே எதிர்ப்புச் சக்தி பெற்ற தாயின் சிசுவும் பாதிக்கப்படலாம். தொற்றுடன் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது எவ்வித அடையாளமுமின்றியே பிறக்கின்றன. எனினும் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்குச் செவிக்குறை முதலான நீடித்த பாதிப்புகள் நேர்கின்றன. பிறந்தபோது நன்றாகக் கேட்ட செவி சில ஆண்டுகளில் மங்கிவிடுவதும் உண்டு.

பிறந்த 21 நாள்களுக்குள் உமிழ்நீரைச் சோதித்து, சிறுநீரைக்கொண்டு உறுதி செய்தால், கிருமி கருவிலேயே பற்றியதென்று துணிந்து சொல்லலாம். அந்த அவகாசம் கடந்தபின், தாய்ப்பால் முதலிய வழிகளில் பிற்பாடு வந்த தொற்றினின்று இதைப் பிரித்தறிவது அரிதாகிவிடும். நோய்க்குறிகளுடன் பிறக்கும் சிசுக்களுக்கு முதல் மாதத்திலேயே தொடங்கி 6 மாதம் வால்கன்சைக்ளோவிர் என்னும் மருந்தைக் கொடுப்பதால், கேள்வியும் அறிவு வளர்ச்சியும் ஓரளவு மேம்படுவதை 2015ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடிய அம்மருந்து எல்லோருக்கும் உரியதன்று. ஆனால், மருந்து வேண்டாத பிள்ளைக்கும், காரணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அடிக்கடி செவியைச் சோதித்து, குறை தோன்றிய மாத்திரத்தில் கருவியும் பேச்சுப் பயிற்சியும் அளித்து, மொழி கற்கும் பருவம் வீணாகாமல் காக்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், பிறந்தவுடன் செய்யும் செவிச் சோதனையில் தேறாத சிசுக்களுக்கு இப்பரிசோதனை வேண்டுமென்று 2013லேயே சட்டம் இயற்றியது. மினசோட்டா மாநிலமோ 2023 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவரையுமே சோதிக்கிறது.

இங்கே, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் செவிலியர், எச்சில், சிறுநீர் வழியே பரவும் இக்கிருமியைத் தவிர்க்க மூத்த குழந்தையின் எச்சில் சோற்றை உண்ணலாகாது என்றும், அதன் மூக்கைத் துடைத்தபின்னும் ஈரத்துணியை மாற்றியபின்னும் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. காக்ளியர் கருவி பொருத்தும் பெருஞ்செலவைக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏற்கும் நம் அரசாங்கத்தின் கருணை போற்றத்தக்கது. அக்கருணை இன்னும் சற்று முன்னதாகவே தொடங்கி, செவிச் சோதனையில் தேறாத ஒவ்வொரு சிசுவுக்கும் மூன்று வாரம் கழியுமுன் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்யும்படி, பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரிகள் அனைத்துக்கும் ஆணை பிறப்பிக்கவேண்டும்.