கண்ணாடி மாளிகைக்குப் போன ரயில்



ஒரு குன்று. அடிவாரத்தில் ஒரு ரயில் நிலையம், உச்சியில் இன்னொன்று. அடிவாரத்து நிலையத்தில் இன்றும் ரயில்கள் நிற்கின்றன. உச்சியில் இருந்ததோ 1954-லேயே மூடப்பட்டுவிட்டது. இரண்டும் ஒரே பெயர் கொண்டவை. ஒன்று பிழைத்து, மற்றொன்று ஏன் போனது?

லண்டன் மாநகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது அந்தக் குன்று. 1851-ல் லண்டன் ஹைட் பூங்காவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது அல்லவா? அதற்காக இரும்பையும் கண்ணாடியையும் கொண்டு பிரமாண்டமான மாளிகை ஒன்றைக் கட்டினார்கள். அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், ஒரு தோட்டக்காரர்! செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய கை அது. கண்காட்சி முடிந்ததும் மாளிகையைப் பிரித்து எடுத்துப் போய், சிடனம் என்ற இந்தக் குன்றின் மேல் இன்னும் பெரிதாக எழுப்பினார்கள். 'கிரிஸ்டல் பேலஸ்' என்று அதற்குப் பெயர். 1854-ல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார்.

அதே ஆண்டில் அடிவாரத்தில் ரயில் நிலையம் வந்தது. ஆனால் அங்கே இறங்கினால் மாளிகைக்கு மேடு ஏற வேண்டும். அந்தக் காலத்தில் பிரிட்டனில் ரயில்களைத் தனியார் கம்பெனிகள்தான் ஓட்டின. போட்டிக் கம்பெனி ஒன்று, "மாளிகை வாசலிலேயே இறக்கிவிடுவோம்" என்று களத்தில் இறங்கியது. நன்ஹெட் என்ற இடத்திலிருந்து புதிதாக ஒரு பாதை போட்டு, சுரங்கங்கள் தோண்டி, 1865 ஆகஸ்ட் 1-ல் உச்சி நிலையத்தைத் திறந்தது. மூலைக்கு ஒரு கோபுரம் வைத்த பெரிய கட்டடம் அது. சாலையைக் கடக்காமலே மாளிகைக்குள் நுழைவதற்குப் பூமிக்கடியில் ஒரு வழியும் கட்டினார்கள். சிவப்பும் வெள்ளையுமான செங்கல் தூண்கள், மேலே போகப் போக விசிறி போல விரியும். சும்மா நடந்து போகும் வழிக்கு இத்தனை அழகா என்று தோன்றும்!

விடுமுறை நாட்களில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் கூட்டம், மற்ற நாட்களில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். 1925-ல் இந்தப் பாதைக்கு மின்சார ரயிலும் வந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 30 இரவு, மாளிகையில் தீப்பிடித்தது. விடியும்போது முறுக்கிக்கொண்ட இரும்பும் உருகிய கண்ணாடியும்தான் மிச்சம்.

மாளிகையே போன பிறகு வாசலுக்கு யார் வருவார்கள்? போதாததற்கு இரண்டாம் உலகப் போர். 1944-ல் ரயிலை நிறுத்தி, 1946-ல் மறுபடி விட்டார்கள். கூட்டம் திரும்பவில்லை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உச்சி நிலையம் ஒரு முட்டுச்சந்து. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. அடிவாரத்து நிலையமோ நடுவழியில் இருப்பது. அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகலாம். மாளிகை இல்லாவிட்டாலும் அதற்கு வேலை இருந்தது. 1954 செப்டம்பர் 20-ல் உச்சி நிலையமும் அந்தக் கிளைப்பாதையும் மூடப்பட்டன. 1961-ல் கட்டடத்தையும் இடித்தார்கள்.

ஆளில்லாத ரயிலை எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நமக்கு வருத்தம் வேறு. தண்டவாளத்தை எடுத்தவர்கள் பாதையையாவது காலியாக விட்டுவைத்திருக்கலாம். நிலையம் இருந்த இடத்திலும் வழியில் பல இடங்களிலும் குடியிருப்புகள் வந்துவிட்டன. வீடும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இனி யாராவது ரயில் வேண்டும் என்று கேட்டால், அத்தனை வீடுகளையும் என்ன செய்வது?

அந்தப் பாதையில் இருந்த லார்ட்ஷிப் லேன் என்ற சின்ன நிலையத்தைப் பார்க்க வேண்டுமானால் ஓவியத்தில்தான் பார்க்க முடியும். பிரான்சில் போர் நடந்ததால் லண்டனுக்கு வந்து தங்கிய புகழ்பெற்ற ஓவியர் காமிய் பிசாரோ, 1871-ல் அதை வரைந்தார். புகை விட்டபடி ஒரு ரயில் நம்மை நோக்கி வரும். லண்டனில் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் அந்தப் படம் இருக்கிறது. இது வேறொரு நிலையம் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், நிலையமும் போய், பெயரும் மாறிப்போயிருந்தது!

பாதையின் ஒரு பகுதியில் மரங்கள் வளர்ந்து காடாகிவிட்டன. ரயில் போன சுரங்கம் ஒன்றில் இப்போது வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யாதபடி வாயிலை அடைத்திருக்கிறார்கள்.

அந்தச் செங்கல் தூண் வழி மட்டும் தப்பியது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் ஒளிந்துகொள்ளவும் அது உதவியது. உள்ளூர்க்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். பழுதுபார்த்து 2024-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ரயில் இல்லை, மறுபக்கம் மாளிகை இல்லை. ஆனாலும் அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்கக் கூட்டம் வருகிறது.

அன்புடன்,
ஆசிரியர்